தூரிகை நிற்கும் இடம்

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்துப் பவானி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் சிறுமுகை. கைத்தறிப் பட்டுச் சேலைக்குப் பேர் பெற்றது. அவ்வூரில் சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் போடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என்னைவிட இருபது வயது மூத்தவர். முன்பெல்லாம் அவர் கிராஃப் தாளில் மெல்லிய தூரிகையால் கட்டம் கட்டமாக வண்ணம் இட்டு வந்தார். தாளில் ஒரு கட்டம் என்பது தறியில் ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். சுருங்கச் சொன்னால், வண்ணம் இட்ட கட்டத்தில் நூல் மேலே எழ வேண்டும். இடாத கட்டத்தில் கீழே தங்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். அட்டை ஜக்கார்டு பெட்டியில் ஏறும். இன்று அவர் அதே கட்டங்களைக் கணிப்பொறித் திரையில் நிரப்புகிறார்.

சென்ற ஆண்டு ஒருநாள் அவர் வீட்டிற்குப் போயிருந்தேன். திரையைக் காட்டி அவர் கேட்டார்: "சாருங்க, நீங்க பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கறவங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. எல்லாக் கலர்லயும் இந்த வட்டம் நல்லாத் தெரியுதுங்க. சாம்பல் தரைக்கு வந்தா மட்டும் காணாமப் போயிருது. எந்தக் கட்டத்துல நிக்கறேன்னே தெரியறதில்லீங்க."

"ஏனுங்ணா, கண்ணாடி மாத்திப் பார்த்தீங்களா?" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கண்ணாடியையும் மாற்றிவிட்டார்; கணிப்பொறியின் திரையையும் மாற்றிவிட்டார். வட்டம் மட்டும் சாம்பலில் கரைவதை நிறுத்தவில்லை.

கட்டம் ஒன்று தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதை நெசவு அறியாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கரையில் ஒரு மாங்காய் வடிவம் என்றால், அது ஒரு முறைதான் வரையப்படும். சேலை முழுதும் அதே அட்டைகள் சுழன்று சுழன்று அதே மாங்காயை நெய்யும். வரைவில் ஒரு கட்டம் தவறினால், அத்தவறு ஐந்தரை மீட்டருக்கும் வரிசையாக நிற்கும். நெசவாளி அதைத் துணியில் கண்டுபிடிக்கும்போது பட்டும் சரிகையும் கூலியும் உள்ளே போயிருக்கும். ஆகவே அந்தச் சிறு வட்டம் தெரிவதும் தெரியாததும் சிறு செய்தி அன்று.

தூரிகையின் இடத்தைக் காட்டும் இக்குறிக்குக் கர்சர் என்று பெயர். தமிழில் இடங்காட்டி என்கிறோம். கையில் உண்மையான தூரிகை இருக்கும்போது இடங்காட்டிக்கு வேலை இல்லை. தூரிகையின் முனையும், மையும், தாளும் ஓரிடத்தில் கூடுகின்றன. கணிப்பொறியிலோ கை மேசையின்மேல் இருக்கிறது; படம் திரையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்தக் குறி மட்டுமே. அக்குறியிடம் நாம் இரண்டு காரியங்களை எதிர்பார்க்கிறோம். அது எந்தப் பின்னணியிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதே சமயம், தான் சுட்டும் இடத்தை மறைக்கவும் கூடாது. முதலாவதைக் கூட்டினால் இரண்டாவது கெடும். இரண்டாவதைப் பேணினால் முதலாவது கெடும். இந்த முரண்பாடு கணிப்பொறியோடு பிறந்ததென்று நான் எண்ணியிருந்தேன். தேடிப் பார்த்தபோது அது ஏறத்தாழ நானூறு ஆண்டு பழையது என்று தெரிந்தது.

சிலந்தி காட்டிய வழி

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியைக் கையாண்ட மாணவர்கள் அதன் தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பிகளை அறிவார்கள். நிறமாலைக் கோட்டைக் குறுக்குக் கம்பியோடு பொருத்தி அளவைப் படிக்கிறோம். இந்தக் கம்பியை முதலில் தொலைநோக்கிக்குள் வைத்தவர் வில்லியம் காஸ்கோயின் என்ற ஆங்கில இளைஞர். காலம் 1640-ஐ ஒட்டியது. திறந்து கிடந்த கருவிக்குள் ஒரு சிலந்தி தன் இழையை ஓட்டியிருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தபோது தொலைவில் உள்ள பொருளோடு அந்த இழையும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. லென்சின் குவியத்தில் பிம்பம் விழும் அதே தளத்தில் இழை நின்றதே காரணம். இழை மெல்லியது, ஆகவே விண்மீனை அது மறைக்கவில்லை. பிம்பத்தின் தளத்திலேயே நின்றதால் கண்ணை அசைத்தாலும் அது இடம் மாறவில்லை.

காஸ்கோயின் இச்செய்தியை வில்லியம் ஆட்ரெட் என்னும் கணித அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். இருட்டான இரவில் இழை கண்ணுக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்: லாந்தருக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் ஒளி ஓரளவு குழாய்க்குள் விழும்படி வைத்துக்கொள்வாராம். எங்கள் சிறுமுகை நண்பரின் சாம்பல் தரையும் காஸ்கோயினின் கருத்த வானமும் ஒரே சிக்கல்தான். பின்னணி குறியை விழுங்குகிறது. குறியின் தோற்றத்தை மாற்றியாக வேண்டும். பாவம், காஸ்கோயின் இளமையிலேயே 1644-இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மடிந்தார்.

மெழுகுவர்த்தி முழுத் தீர்வு ஆகிவிடவில்லை. குழாய்க்குள் வெளிச்சத்தைக் கூட்டினால் இழை தெரியும்; மங்கலான விண்மீன் மறையும். ஆகவே பிற்காலத்து வானியலார் வானப் பின்னணியை இருட்டாகவே விட்டுவிட்டு, கம்பிகளின்மேல் மட்டும் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சும் ஏற்பாட்டையும் செய்துகொண்டனர். வெளிச்சத் தரையில் கருங்கம்பி, இருட்டுத் தரையில் ஒளிக்கம்பி என்று காண்பவரே தேர்ந்துகொள்ள முடிந்தது.

இந்தக் குறுக்குக் கம்பி கொங்கு நாட்டிற்கும் வந்திருக்கிறது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட்டோடு தென்னாடு முழுதும் சுற்றினார். பின்னர் இமயம்வரை நீண்ட பெரிய தீர்க்கக்கோட்டு வில்லில் அவர் அகலாங்கு கண்ட நிலையங்களுள் ஒன்று பழைய கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. வடக்கே 10 பாகை 59 கலை. ஆங்கில ஏடுகளில் அதன் பெயர் 'புட்சபொல்லியம்'! பாளையம் என்று முடியும் நம் ஊர்ப் பெயர் அவர்கள் நாவில் பட்ட பாட்டைப் பாருங்கள். பகலில் தொலைதூரக் கொடியையும் இரவில் விண்மீனையும் கம்பியின்மேல் நிறுத்தித்தான் அந்த அளவைகள் எடுக்கப்பட்டன.

கர்சர் என்ற சொல்

காஸ்கோயின் கடிதத்தைப் பெற்ற ஆட்ரெட்தான் ஸ்லைடு ரூலைக் கண்டவர் என்பது வியப்பான பொருத்தம். கர்சர் என்னும் சொல் கணிப்பொறிக்கு முன்பே அந்த ஸ்லைடு ரூலில் வழங்கியது. லத்தீன் மொழியில் அதற்கு ஓடுபவன் என்று பொருள். 1850-ஐ ஒட்டி, மான்ஹைம் என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி வகுத்த ஸ்லைடு ரூலில் நகரும் கர்சர் நிலையான உறுப்பாயிற்று. பின்னாளில் அது ஒரு கண்ணாடித் துண்டாகவும், நடுவே மயிரிழை போன்ற ஒரு கோடாகவும் அமைந்தது. கண்ணாடி என்பதால் கீழே உள்ள எண்கள் மறைவதில்லை; கோடு மெல்லியது என்பதால் இரண்டு கீற்றுகளுக்கு நடுவேயும் படிக்கலாம். 1972-இல் அறிவியல் கணக்குகளைச் செய்யும் சட்டைப்பைக் கால்குலேட்டர் வந்த பிறகு ஸ்லைடு ரூல் ஒழிந்தது. எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் தம்முடையதை மேசை இழுப்பறையில் தோலுறையோடு வைத்திருந்தார். கோடு கீறிய அந்தக் கண்ணாடியில்தான் நான் கர்சர் என்ற சொல்லை முதலில் கேட்டேன்.

கணிப்பொறித் திரையில் கையால் படம் வரைவதை உலகிற்குக் காட்டியவர் ஐவன் சதர்லாண்ட். 1963-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அளித்த ஆய்வேட்டின் பொருள் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரல். அதில் ஒளிப்பேனாவைத் திரையின்மேல் வைத்து வரைவார்கள். பெயர் ஒளிப்பேனாவே ஒழிய, அது ஒளியை உமிழ்வதில்லை. திரையின் ஒளியை உணரும். திரை இருண்டு கிடக்கும் இடத்தில் பேனாவிற்கு உணர ஒன்றும் இல்லை. அதனால் கணிப்பொறி ஒரு சிறு கூட்டல் குறியைப் பேனா முனைக்கு அடியில் ஒளிரச் செய்தது. பேனா நகர்ந்தால் அக்குறியின் எந்தப் பகுதி பேனாவுக்குத் தெரிகிறது என்று கணக்கிட்டு, குறியும் பின்னால் நகர்ந்தது. மனிதன் பார்ப்பதற்காக அன்றி, கருவி தன் கையைத் தானே தேடிக்கொள்வதற்காக உண்டான இடங்காட்டி அது!

1964-இல் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் குழுவில் பில் இங்கிலிஷ் மரத்தாலான முதல் மவுஸைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதை மக்கள் முன்னே இயக்கிக் காட்டினார். கை ஓரிடம், படம் வேறிடம் என்ற பிரிவு இங்கே முழுமையாயிற்று. திரையில் ஊர்ந்த குறியை அவர்கள் 'பூச்சி' என்றே அழைத்தனர். எழுத்துத் திரைகளில் நாம் காணும் கண்சிமிட்டும் இடங்காட்டியும் அக்காலத்தது. ஸ்பெரி ராண்ட் நிறுவனம் 1967-இல் அதற்குக் காப்புரிமை கோரியது. கண்சிமிட்டுவது எழுத்துக்குச் சரி. ஓடும் தூரிகைக்கு அது உதவாது. சிமிட்டி மறையும் நொடியில் கை எங்கோ போய்விடும்.

இருமுறை புரட்டினால் பழையபடி

வண்ணம் தீட்டும் கணிப்பொறி 1973-இல் வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்டு ஷூப் அமைத்த 'சூப்பர்பெயின்ட்' அது. திரையின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் எண் உண்டு. எட்டு இருமங்கள் கொண்ட எண். ஆகவே 0 முதல் 255 வரை 256 வண்ணங்கள். இதற்குமுன் பெரும்பாலும் இருட்டுத் திரையில் ஒளிக்கோடு என்று இருந்த நிலை மாறி, பின்னணி எந்த வண்ணமாகவும் இருக்கலாம் என்றாயிற்று. அப்படியானால் இடங்காட்டி எந்த வண்ணத்தில் இருக்க வேண்டும்? வெள்ளை என்றால் வெள்ளைத் தரையில் மறையும். சிவப்பு என்றால் சிவப்புத் தரையில் மறையும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை அழகானது. இடங்காட்டிக்கென்று தனி வண்ணமே வேண்டாம். அது நிற்கும் இடத்தில் உள்ள வண்ணத்தைப் புரட்டிப் போட்டால் போதும். வெள்ளை மேல் கறுப்பாகவும், கறுப்பு மேல் வெள்ளையாகவும், சிவப்பு மேல் நீலப்பச்சையாகவும் தெரியும். எக்ஸ்குளூசிவ்-ஆர் என்னும் தருக்கச் செயலால் இதைச் செய்வர். சுருக்கமாக எக்சார் என்போம். எண்ணின் இருமங்களில் 0 இருக்கும் இடத்தில் 1-ஐயும், 1 இருக்கும் இடத்தில் 0-ஐயும் வைப்பதுதான் இது. இதில் இன்னொரு நன்மை. ஒரே இடத்தை இருமுறை புரட்டினால் பழைய எண்ணே திரும்ப வரும். எனவே இடங்காட்டி நகரும்போது அடியில் இருந்த படத்தை எங்கும் சேமித்து வைக்கத் தேவையில்லை. இன்னொரு முறை புரட்டினால் போதும், படம் பழையபடி. நினைவகம் பொன்னைப்போல் விலை விற்ற காலத்தில் இது பெரிய சிக்கனம்.

இத்தனை எளிய செயலுக்கு 1980-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பிறகு பல நிறுவனங்கள் இடங்காட்டியை எக்சாரால் வரைந்ததற்காகக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. பள்ளி மாணவன் ஒருவன் இரும எண் பாடத்தின் பயிற்சியாகச் செய்யக்கூடியதை ஒருவருக்கு உடைமையாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வரலாறு அப்படித்தான் நடந்தது.

இனி எங்கள் நண்பரின் சாம்பலுக்கு வருவோம். எட்டு இருமங்களையும் புரட்டுவது என்றால் 255-இலிருந்து கழிப்பது என்று பொருள். கறுப்பின் எண் 0, புரட்டினால் 255. வேறுபாடு 255, பளிச்சென்று தெரியும். 200 என்ற வெளிர் நிறம் 55 ஆகும்; வேறுபாடு 145. 150 என்ற நிறம் 105 ஆகும், வேறுபாடு 45தான். நடுச் சாம்பலின் எண் 128. புரட்டினால் 127. வேறுபாடு ஒன்றே ஒன்று! 128-க்கும் 127-க்கும் இடையே எந்தக் கண்ணும் வேறுபாடு காணாது. வட்டம் அங்கே வரையப்படத்தான் செய்கிறது. சாம்பல் மேல் சாம்பலால் வரையப்படுகிறது. கண்ணாடியை மாற்றினாலும் திரையை மாற்றினாலும் அது தெரிய வழியே இல்லை. இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் நண்பர் முதலில் சொன்னது: "அப்ப என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லீங்களா?" பல மாதங்களாக அவர் மனத்தில் இருந்த கவலை அது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண் போனால் இந்தத் தொழிலில் வேறு போக்கு இல்லை.

பரிகாரமும் கணக்கிலேயே இருக்கிறது. எட்டு இருமங்களையும் புரட்டாமல், மிக உயர்ந்த மதிப்புள்ள முதல் இருமத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். அதன் மதிப்பு 128. அப்போது 128 என்பது 0 ஆகும். 127 என்பது 255 ஆகும். 0 என்பது 128. 200 என்பது 72. எந்த எண்ணை எடுத்தாலும் வேறுபாடு சரியாக 128. மாணவர்கள் தாங்களே சில எண்களை இட்டுச் சரிபார்க்கலாம்.

கருந்தோலும் வெள்ளைக் கரையும்

வேறு வழி, இரண்டு நிறக் கோடு. நாம் அன்றாடம் காணும் கறுப்பு அம்புக்குறியை உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரை இருக்கும். கறுப்புத் தரையில் கரை தெரியும். வெள்ளைத் தரையில் உடல் தெரியும். சாம்பலில் இரண்டும் தெரியும். 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியில் இடங்காட்டி என்பது பதினாறுக்குப் பதினாறு புள்ளிச் சதுரம். அதன் உருவத்திற்கு 32 பைட்டுகள். எந்தப் புள்ளிகள் பின்னணியை மறைக்க வேண்டும் என்று சொல்லும் மறைப்புக்கு 32 பைட்டுகள். இவற்றோடு, அந்தச் சதுரத்தில் எந்தப் புள்ளி உண்மையில் சுட்டும் புள்ளி என்ற குறிப்பும் உண்டு. அதே ஆண்டில் பில் அட்கின்சன் எழுதிய 'மெக்பெயின்ட்' பல வடிவத் தூரிகைகளைத் தந்தது.

1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் 'போட்டோஷாப்' வந்தது. அதன் வளர்ச்சியில் தூரிகையின் இடங்காட்டியைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நிலைபெற்றது. கருவியின் சிறு படமாக வைத்துக்கொள்ளலாம். நுட்ப வேலைக்குக் கூட்டல் குறியாக வைத்துக்கொள்ளலாம். தூரிகையின் அளவுக்கே ஒரு வட்டமாக வைத்துக்கொள்ளலாம். வட்டத்தின் நடுவே கூட்டல் குறியையும் சேர்த்துக்கொள்ளலாம். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் வட்டம் கூட்டல் குறியாக மாறும். தற்செயலாக அதை அழுத்திவிட்டு, மென்பொருள் கெட்டுவிட்டதென்று முழுதும் அழித்து மறுபடி நிறுவிய மாணவர் ஒருவர் எங்கள் கல்லூரியிலேயே உண்டு.

வட்டம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். தூரிகையின் விளிம்பு மென்மையாக இருந்தால் வட்டத்தை எங்கே வரைவது? நடுவில் மை அடர்ந்து, வெளியே போகப் போகக் கரைந்து மறைகிறது. எல்லை என்று ஓரிடம் இல்லை. இயற்பியலில் இது பழகிய கேள்வி. நிறமாலைக் கோட்டிற்கும் கூர்மையான விளிம்பு கிடையாது. ஆகவே உச்சச் செறிவில் பாதியாகக் குறையும் இரண்டு இடங்களைக் குறித்து, அவற்றின் இடைவெளியைக் கோட்டின் அகலம் என்கிறோம். போட்டோஷாப்பும் ஏறத்தாழ இதையே செய்கிறது. சாதாரண வட்டம் தூரிகையின் தாக்கம் ஏறக்குறைய பாதியாகும் இடத்தில் நிற்கும். முழு அளவு வேண்டும் என்று கேட்டால், மை சற்றேனும் படும் இடம் முழுவதையும் சுற்றி நிற்கும். வட்டத்திற்கு வெளியேயும் மை படுகிறதே என்று குறைப்படுபவர்கள் முதல் வகையை வைத்திருப்பவர்கள்.

விலையில்லா மென்பொருள்களிலும் இவ்வசதி உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் எழுதி 1996-இல் வெளியிட்ட 'கிம்ப்', 2005 முதல் வெளிவரும் 'கிரிட்டா' இரண்டிலும் தூரிகையின் விளிம்புக் கோட்டைக் காட்டலாம், மறைக்கலாம். கிரிட்டாவில் குறியின் உருவம் தனி, விளிம்புக் கோடு தனி. ஒரு புள்ளி அளவே உள்ள குறியையும் வைத்துக்கொள்ளலாம். கோட்டின் நிறத்தையும் மாற்றலாம். தீட்டும்போது கோடு தெரிய வேண்டுமா என்றும் அது கேட்கிறது. சில ஓவியர்கள் தீட்டும்போது வட்டமே கண்ணில் படக்கூடாது என்பார்கள். மாணவர்கள் வாங்கக் காசில்லாமல் இவற்றை நிறுவிப் பயிலலாம்.

தோற்றத்தோடு வேகமும் சேர்ந்த சிக்கல் ஒன்று உண்டு. சிறிய இடங்காட்டியைத் திரைக்கான மின்சுற்றே படத்தின்மேல் ஏற்றிக் காட்டும். படத்தைத் தொடுவதே இல்லை. அதனால் அது கையோடு ஓடும். ஆனால் அதன் அளவுக்கு வரம்பு உண்டு. 32-க்கு 32 புள்ளி, 64-க்கு 64 புள்ளி என்பன போல. முந்நூறு புள்ளி அகலமுள்ள தூரிகையின் வட்டம் அதற்குள் அடங்காது. மென்பொருளே அதைப் படத்தோடு சேர்த்து வரைய வேண்டும். அதற்குள் கை முன்னே போய்விடும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்று கொள்வோம். கை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் வீசினால், ஒரு புதுப்பிப்பு தாமதமானாலே வட்டம் 5 மில்லிமீட்டர் பின்தங்கும். மூன்று தாமதமானால் ஒன்றரை சென்டிமீட்டர். பழைய கணிப்பொறியில் பெரிய தூரிகை கனமாக இருப்பதாக ஓவியர்கள் சொல்வது வெறும் பிரமை அன்று. அந்நேரத்தில் வட்டத்தை விட்டுக் கூட்டல் குறிக்கு மாறினால் கை இலேசாகும்.

மின்பேனாவால் திரையின்மேலேயே வரையும் கருவிகளில் கையும் படமும் மறுபடி ஓரிடத்தில் கூடின. ஆனால் பேனா முனைக்கும் படத்திற்கும் இடையே கண்ணாடியின் கனம் நிற்கிறது. தலையைச் சாய்த்தால் முனை ஒரு புள்ளியிலும் இடங்காட்டி வேறு புள்ளியிலும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று நாம் எச்சரிப்பது இதுவே. இழையைப் பிம்பத்தின் தளத்திலேயே வைத்ததன் பலனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புதிய கருவிகளில் கண்ணாடியைத் திரையோடு ஒட்டவைத்து இடைவெளியைக் குறைக்கிறார்கள்.

நண்பரின் கணிப்பொறியில் இருந்தது நெசவு டிசைனுக்கென்றே ஆன ஒரு மென்பொருள். அதன் அமைப்புப் பக்கத்தை இருவருமாகத் துழாவினோம். எக்சார் வட்டத்தை மாற்ற வழி இல்லை. ஆனால் வட்டத்திற்குப் பதில் கூட்டல் குறியும், அக்குறியின் கைகளைத் திரையின் நான்கு விளிம்புவரை நீட்டும் வசதியும் இருந்தன. கோடுகள் கறுப்பும் வெள்ளையும் கலந்தவை. கோவையின் பம்பு, மோட்டார்த் தொழிற்கூடங்களில் வரைபடம் போடுபவர்களுக்கு இது புதிதன்று. 1982-இல் பிறந்த 'ஆட்டோகேட்' மென்பொருளில் கூட்டல் குறியின் நீளத்தைத் திரையின் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எண்ணாலேயே குறிப்பிடலாம். தானாக இருப்பது 5. நூறு என்று இட்டால் திரை முழுதும் நீளும்.

நீண்ட கோடுகளைக் கண்டதும் நண்பர் சிரித்தார். "முன்ன கிராஃப் தாள்ல ரெண்டு ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்குமா வெச்சுத்தானுங்க கட்டம் பார்ப்போம். அதேதானுங்களே இது!" என்றார். எந்த வரிசை, எந்த நூல் என்பது இப்போது திரையின் ஓரத்து எண்களிலேயே நேராகப் படிக்கக் கிடைக்கிறது.

ஆனால் பூவுக்குள் பெரிதாக நிறம் நிரப்பும்போது அவருக்கு வட்டம்தான் வேண்டும். தூரிகை எவ்வளவு அகலம் என்பது கூட்டல் குறியில் தெரிவதில்லை. சாம்பல் தரை வரும் சேலைக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அடுத்த முறை போனபோது திரையில் தரை முழுதும் மாம்பழ மஞ்சளாக இருந்தது. வட்டம் அதன்மேல் கருநீலமாகத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் வண்ணப் பட்டியலில் அந்த ஒரு நிறத்தை மட்டும் சாம்பலுக்குத் திருப்பி, கோப்பை அட்டை அடிக்கும் இடத்திற்கு அனுப்பினார்.